திமிங்கல எலும்பில் பல் தடம்: கடித்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

புதைபடிவமான திமிங்கல எலும்பு ஒன்றில் நீளமாக ஒரு கீறல் இருந்தால் போதும், "மெகலோடான் கடித்துக் கொன்றிருக்கிறது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்வது சுலபம். ஆனால் அந்த ஒரே வரியில் பல கூற்றுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன: அந்தக் கீறல் பல்லால் வந்தது, அந்தப் பல் சுறாவினுடையது, சுறாக்களிலும் மெகலோடான் என்கிற அழிந்துபோன ராட்சதச் சுறாவினுடையது, கடிபட்டபோது திமிங்கலம் உயிரோடு இருந்தது, அந்தக் கடியால்தான் அது செத்தது. முதல் மூன்றையும் எலும்பை வைத்து ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். மீதி இரண்டுக்கும் எலும்பு அநேகமாகப் பதில் சொல்லாது. இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடல் பாலூட்டிகள் என்றால் திமிங்கலம், டால்பின், கடல்நாய், கடல்பசு வகைகள். இவற்றின் எலும்பில் விழுந்த தடங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சுறாவின் உடலில் எலும்பே கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அது சீக்கிரம் சிதைந்துவிடும், புதைபடிவமாவது அபூர்வம். பற்கள் மட்டும் கொட்டிக் கிடக்கின்றன, ஏனென்றால் சுறா வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்துப் புதுப் பல் முளைக்க வைத்துக்கொண்டே இருக்கும் பிராணி. பல்லைப் பார்த்து எந்த இனம், சுமாராக எவ்வளவு பெரியது என்று சொல்லலாம். ஆனால் அது எதைத் தின்றது என்பதற்கு நேரடிச் சாட்சி, தின்னப்பட்டதன் எலும்பில் இருக்கும் தடம்தான். அதனால்தான் அமெரிக்காவின் மேரிலாந்தில் செசபீக் விரிகுடாவை ஒட்டி நிற்கும் கால்வெர்ட் பாறைகள், வட கரோலினாவில் அரோரா அருகே உள்ள லீ கிரீக் பாஸ்பேட் சுரங்கம், பெரு நாட்டின் பிஸ்கோ பாலைவனம், வட இத்தாலியின் பியட்மான்ட் போன்ற இடங்களின் பெயர்கள் இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். எல்லாமே ஒரு காலத்தில் திமிங்கலமும் சுறாவும் சேர்ந்து வாழ்ந்த கடலடிகள்.

முதலில், இது கடிதானா?

செத்த திமிங்கலம் கடலடியில் விழுந்த நாளிலிருந்து, அதன் எலும்பு யாரோ ஒருவர் கைக்கு வந்து சேரும் நாள் வரை, அதைக் கீறவும் துளைக்கவும் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பல் தடத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதில் பாதிக்கு மேல், பல் தடம் இல்லாதவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்வதுதான்.

துளைகளை எடுத்துக்கொள்வோம். கூம்பு மாதிரியான பல் எலும்பில் இறங்கினால் குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும். குழியின் விளிம்பில் எலும்பு உள்பக்கமாக நொறுங்கி மடிந்திருப்பதையும் பல நேரம் பார்க்கலாம். எலும்பையும் பாறையையும் குடையும் சிப்பிகள் போடும் ஓட்டை இதற்கு நேர் எதிர்: வாய் சின்னது, உள்ளே போகப் போகக் குடுவை மாதிரி விரியும். ஆஸிடாக்ஸ் என்று ஒரு புழு இருக்கிறது. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த திமிங்கலப் பிணத்தில் 2002-ல் கண்டெடுத்து 2004-ல் பெயர் வைத்தார்கள். வாயும் இல்லாமல் குடலும் இல்லாமல், வேர் மாதிரி ஒன்றை எலும்புக்குள் செலுத்தி உள்ளிருக்கும் சத்தை உறிஞ்சுகிற உயிர் அது. அது விட்டுப்போகும் துளையும் மேலே சிறிய வட்டமாகத்தான் தெரியும், உள்ளே பெரிய பொந்து இருக்கும். சுமார் 3 கோடி ஆண்டு பழைய திமிங்கல எலும்புகளிலேயே இந்தப் புழுவின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே வட்டமான சின்ன ஓட்டையைப் பார்த்ததும் "பல் குத்தியிருக்கிறது" என்று எழுதிவிட வேண்டாம்.

கீறல்களிலும் இதே தொல்லை உண்டு. கடல் முள்ளெலி எலும்பின் மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது அதன் ஐந்து பற்களும் நட்சத்திர வடிவில் சிறு கீறல்களைப் போடும். ஒரே இடத்தில் அப்படி நிறைய இருந்தால் குழப்பமே இல்லை, சுறாவை மறந்துவிடலாம். இரத்தக் குழாய் ஓடிய பள்ளங்கள் இன்னொரு வகை. அவை வளைந்து கிளைவிட்டுப் போய் ஒரு சின்னத் துவாரத்தில் முடியும், அடித்தளம் வழவழப்பாக இருக்கும், அதே இனத்தின் வேறு எலும்புகளிலும் அதே இடத்தில் அதே பள்ளம் இருக்கும். சந்தேகம் வந்தால் உடலின் மறுபக்கத்து எலும்பை, கிடைத்தால், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அது உடற்கூறு.

அப்புறம் மனிதர்கள். பிரஷ், உளி, மண்வெட்டி எல்லாம் எலும்பில் அழகாகக் கோடு போடும். லீ கிரீக் போன்ற சுரங்கத்தில் ராட்சத வாளி இயந்திரங்கள் அள்ளிக் கொட்டிய மண்ணிலிருந்து எலும்பு கிடைப்பதால் அங்கே இந்தச் சந்தேகம் எப்போதும் வைத்திருக்க வேண்டியது. இதற்கு ஒரு எளிய சோதனை, நிறம். புதைந்து கிடந்த எலும்பின் மேற்பரப்பு கனிமம் ஏறிக் கருத்தோ பழுப்பாகவோ இருக்கும். பழைய தடம் என்றால் பள்ளத்தின் உள்ளேயும் அதே நிறம்தான். நேற்று விழுந்த கீறல் உள்ளே வெளிறியிருக்கும். பள்ளத்துக்குள் அந்தப் படிவுப் பாறையின் மண்ணே இறுகி ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, தோண்டுவதற்கு முன்பே அந்தப் பள்ளம் இருந்தது என்று அர்த்தம்.

பார்க்கும் விதமும் முக்கியம். நேர் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை எலும்பின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து மெல்லச் சுற்றி வந்தால், இல்லாத மாதிரி இருந்த நுண்கோடுகள் நிழல் விழுந்து எழுந்து வரும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அருங்காட்சியகங்களில் அம்மோனியம் குளோரைடு புகையால் எலும்பின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஏற்றிப் படம் எடுப்பார்கள், தடத்தில் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார்கள், உள்ளே பல் முறிந்து கிடக்கிறதா என்று சிடி ஸ்கேன் பார்ப்பார்கள். எலும்பைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல, சாட்சியை அழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சுறாப் பல் எலும்பில் என்ன செய்யும்?

சுறா எலும்பை மென்று தின்னும் பிராணி இல்லை. அதற்கு வேண்டியது சதையும் கொழுப்பும். கடித்துப் பிடித்துத் தலையை இருபக்கமும் உலுக்கித் துண்டு எடுக்கும்போது பல் எலும்பில் உரசுகிறது, அவ்வளவுதான். அதனால் நேராக இறங்கிய குழியைவிட, இழுபட்ட பள்ளங்களும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வளைந்த கீறல்களும்தான் அதிகம் கிடைக்கும். சில இடங்களில் பல் எலும்பின் விளிம்பைச் சீவி எடுத்துவிட்டுப் போயிருக்கும்.

இனம் பிரிப்பதற்கு முதலில் பார்ப்பது பல் விளிம்பில் ரம்பம் உண்டா இல்லையா என்பதை. பெரிய வெள்ளைச் சுறா, மெகலோடான், புலிச் சுறா இவற்றின் பல் விளிம்பில் ரம்பம் உண்டு. மாகோ சுறாவுக்குக் கிடையாது, விளிம்பு கத்தி மாதிரி வழவழப்பு. ஹஸ்டாலிஸ் என்கிற அழிந்துபோன பெரிய சுறாவுக்கும் கிடையாது. ரம்பப் பல் எலும்பில் இழுபட்டால் இணையான நுண்கோடுகள் விழும், வழவழப்பான பல் ஒற்றைப் பள்ளமாக இழுத்துவிட்டுப் போகும். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஈர மணலில் ஒரு சீப்பை வைத்து இழுத்துப் பாருங்கள். சீப்பை அகலவாக்கில் இழுத்தால் பற்கள் எத்தனையோ அத்தனை கோடு. அதையே நீளவாக்கில், பல் வரிசை போகும் திசையிலேயே இழுத்தால் எல்லாப் பல்லும் ஒரே பாதையில் போய் ஒரே கோடுதான் விழும். சாய்வாக இழுத்தால் கோடுகள் இருக்கும், ஆனால் சீப்பின் பல் இடைவெளியைவிட நெருக்கமாக விழும். சுறாப் பல்லுக்கும் அப்படியே. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. முதலாவது, ஒற்றை வழவழப்பான பள்ளம் இருப்பதால் ரம்பமில்லாத சுறா என்று சொல்லிவிட முடியாது, ரம்பப் பல்லும் விளிம்பின் திசையிலேயே ஓடியிருக்கலாம். அந்த எலும்பில் இருக்கும் எல்லாத் தடங்களையும் பார்த்து, பல திசைகளில் ஓடியவற்றில் ஒன்றில்கூட நுண்கோடு இல்லை என்றால்தான் அப்படிச் சொல்லத் தைரியம் வரும். இரண்டாவது, கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ரம்பத்தின் உண்மையான இடைவெளிக்குச் சமமாகவோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும், அதிகமாக இருக்கவே முடியாது. ஆகவே இடைவெளி அகலமாக இருந்தால் நுண்ணிய ரம்பம் உள்ள சுறாவைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். நெருக்கமாக இருந்தால் யாரையும் நீக்க முடியாது. மெகலோடானின் ரம்பம் நுண்ணியது, சீரானது; பெரிய வெள்ளைச் சுறாவினுடையது பரும்படியானது, ஒழுங்கில்லாதது. நெருக்கமான கோடுகளைப் பார்த்து "மெகலோடான்தான்" என்று முடிவு கட்டுவது ஏன் ஆபத்து என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதில் காலமும் உள்ளே வருகிறது. மெகலோடான் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்பது இப்போது பலரும் ஏற்கும் கணக்கு, அதற்குப் பிந்தைய எலும்பில் அதைத் தேடுவது வீண். பெரிய வெள்ளைச் சுறாவுக்கோ ஆரம்பத்தில் ரம்பமே இருந்ததில்லை என்று கருதுகிறார்கள். ஹஸ்டாலிஸ் வழியில் வந்து, மெல்ல மெல்ல ரம்பம் வளர்த்துக்கொண்ட பரம்பரை அது. பாதி ரம்பத்தோடு நிற்கும் ஓர் இடைநிலைச் சுறாவைப் பெருவில் கிடைத்த புதைபடிவத்திலிருந்து 2012-ல் கார்கரோடான் ஹப்பெல்லி என்று பெயரிட்டார்கள். அதனால் தடத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதற்கு முன், அதே படிவில் அதே காலத்தில் எந்தெந்தச் சுறாக்களின் பற்கள் கிடைக்கின்றன என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொள்வது வழக்கம். சந்தேக நபர்கள் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்க வேண்டும்.

பெருவின் அகுவாதா தே லோமாஸில் கிடைத்த எலும்புகள் பற்றி 2017-ல் வந்த ஆய்வு இந்த வழியில்தான் போனது. பிஸ்கோபலேனா நானா என்ற சின்னத் திமிங்கலம், முழு வளர்ச்சியிலேயே 5 மீட்டரைத் தொடாது. அதன் எலும்பிலும் ஒரு கடல்நாயின் எலும்பிலும் பெரிய ரம்பப் பல்லின் தடங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் அந்தக் கடலில் அவ்வளவு பெரிய ரம்பப் பல் வேறு யாருக்கும் இல்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் மெகலோடானிடம் வந்து சேர்ந்தார்கள். ராட்சதத் திமிங்கலங்களை வேட்டையாடிய பூதம் என்று நாம் கற்பனை செய்து வைத்திருக்கிற பிராணி தன்னைவிடச் சின்னதைத்தான் தின்றிருக்கிறது என்பது எனக்கு அந்த பூதக் கதையைவிடச் சுவாரசியம். சிறுத்தையோ புலியோ தினமும் யானையோடு மல்லுக்கட்டுவதில்லையே.

சில நேரம் இந்தத் துப்பறியும் வேலையெல்லாம் தேவைப்படாது, பல்லே முறிந்து எலும்பில் சிக்கியிருக்கும். பெருவிலேயே சுமார் 40 லட்சம் ஆண்டு பழைய திமிங்கலத் தாடை எலும்பு ஒன்றில் வெள்ளைச் சுறா வம்சத்துப் பல் குத்தி நிற்கிறது, 2009-ல் விவரித்தார்கள். இதைவிட உறுதியான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் எலும்புக்கூட்டின் பக்கத்தில் மண்ணில் கிடக்கும் பல்லை இதே தட்டில் வைக்காதீர்கள். உதிர்ந்த பற்கள் கடலடியெங்கும் கிடக்கும், நீரோட்டம் அடித்துக்கொண்டு வந்தும் சேர்க்கும். பிணத்தைத் தின்னும்போது உதிர்ந்ததாகவும் இருக்கலாம். துணைச் சாட்சி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சுறா மட்டும்தானா?

கடலில் பல் உள்ளவர்கள் நிறைய. முதலையின் பல் கூம்பு வடிவம், இருபுறமும் மெல்லிய முகடு ஓடும். அதனால் அது குத்திய குழியின் நடுவே ஒரு கோடு பிரிப்பது போல விழுவதுண்டு. முதலைகளுக்கு இறைச்சியோடு எலும்பைத் தின்னக் கொடுத்து, மிஞ்சியதைச் சேகரித்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது, அதில் இந்தப் பிளவுபட்ட குழியை முதலையின் கையெழுத்தாகவே காட்டினார்கள். பாலூட்டிகளின் கடி வேறு மாதிரி: மழுங்கலான வட்டக் குழிகள், நொறுங்கிய விளிம்பு, நுண்கோடுகள் கிடையாது, மேல்தாடையும் கீழ்த்தாடையும் இரண்டு பக்கத்திலும் பதிந்திருக்கலாம். கலிபோர்னியாவின் புரிசிமா படிவில் கிடைத்த இளம் கடல்நாய் எலும்புகளில் இருப்பது பாலூட்டிக் கடி என்று 2011-ல் சொன்னார்கள். எந்தப் பாலூட்டி என்பதில் அவர்கள் ஒரே பெயரோடு நிற்கவில்லை, அதுவும் நியாயம்தான். தடம் அவ்வளவு தூரம்தான் சொல்லும்.

இதற்காகவே தடங்களுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் முறையும் உண்டு. நுண்கோடுகள் இணையாக ஓடும் தடத்துக்கு நெதிக்னஸ் பாரலலம் என்று 2009-ல் பெயர் வந்தது, டைனோசர் எலும்பிலும் திமிங்கல எலும்பிலும் உள்ள தடங்களை வைத்து. பெயர் தடத்துக்குத்தான், கடித்த விலங்குக்கு இல்லை. யார் கடித்தது என்று தெரியாமலே தடத்தைப் பதிவு செய்ய இது வழி விடுகிறது.

ஒரே உடலில் இரண்டு பேரின் கடி கிடைத்த கதை வெனிசுவேலாவில் நடந்தது. நாட்டின் வடமேற்கே கோரோ நகருக்கு அருகே, விவசாயி ஒருவர் வழக்கத்துக்கு மாறான "கற்களை"ப் பார்த்துச் சொல்ல, ஆய்வாளர்கள் போய் ஒரு கடல்பசுவின் மண்டையோட்டுப் பகுதியையும் 18 முள்ளெலும்புகளையும் எடுத்தார்கள். குலெப்ராதீரியம் என்ற அழிந்துபோன வகை. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிறார்களே, அதன் தூரத்து உறவு. மூக்குப் பகுதியில் ஆழமான கூம்புக் குழிகள். வேறு இரண்டு இடங்களில் வட்டக் குழியில் தொடங்கி இழுபட்டுப் போகும் பெரிய வெட்டுகள். முதலை மூக்கைக் கவ்வி மூச்சுமுட்ட வைத்து, பிறகு தன் உடலைச் சுழற்றிக் கிழித்திருக்கிறது என்று இதைப் படித்தார்கள். இன்றைய முதலைகள் செய்வதும் அதுதான். இது தவிர உடல் முழுக்கச் சிதறலாக வேறு கடிகள், கழுத்தருகே ஒரு புலிச் சுறாப் பல். புலிச் சுறா கிடைத்ததைத் தின்னும் பேர்வழி, ஆகவே மிச்சத்தை அது பிறகு வந்து முடித்தது என்பது அவர்கள் வாதம். இந்த ஆய்வு 2024-ல் வந்தது. தடங்களின் வடிவம் மட்டுமில்லாமல் அவை எங்கே விழுந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் படித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: ஒரே இடத்தில் குவிந்த கடியும், எங்கும் சிதறிய கடியும் ஒரே கதையைச் சொல்வதில்லை.

உயிரோடு இருந்ததா, செத்துக் கிடந்ததா?

இப்போது அந்தக் கஷ்டமான கேள்வி. உயிருள்ள டால்பினைக் கடித்த பல்லும், செத்து மிதந்த டால்பினைக் கடித்த பல்லும் எலும்பில் ஒரே மாதிரித் தடத்தைத்தான் போடும். இன்றைக்கும் செத்த திமிங்கலம் மிதந்தால் சுறாக்கள் கூட்டமாக வந்து மேய்கின்றன, அந்தக் காலத்திலும் வந்திருக்கும். தடத்தின் ஆழமோ கொடூரமோ இதற்கு விடை தராது.

ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே அடையாளம், காயம் ஆறத் தொடங்கியிருப்பது. செத்த உடலில் புதிய எலும்பு வளராது. கடிபட்ட பிறகு உயிர் பிழைத்திருந்தால், காயத்தின் மேல் உடல் அவசர அவசரமாகப் புது எலும்பைப் போடும். இழைகள் தாறுமாறாகப் பின்னிய, சொரசொரப்பான, பலம் குறைந்த எலும்பு அது. நாளாக ஆக உடல் அதைப் பிரித்து உறுதியான எலும்பாக மாற்றிக் கட்டும். எந்தக் கட்டத்தில் அந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தால், கடிபட்ட பின் எவ்வளவு காலம் அந்த விலங்கு வாழ்ந்தது என்றுகூடச் சொல்ல முடியும்.

லீ கிரீக் சுரங்கத்தில் கால்வெர்ட் கடல்சார் அருங்காட்சியகத்தின் ஸ்டீபன் காட்ஃப்ரே கண்டெடுத்த விலா எலும்புத் துண்டு இதற்கு நல்ல உதாரணம். 30 முதல் 40 லட்சம் ஆண்டுப் பழசு. சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று புடைப்புகள், அவை பற்கள் இறங்கிய இடங்கள். துண்டின் பெரும்பகுதி மேலே சொன்ன அவசர எலும்பால் மூடியிருந்தது. சிடி ஸ்கேனில் எலும்புக்குள்ளே கிருமித்தொற்றின் அறிகுறியும் தெரிந்தது. எலும்பு நோய்களில் பழுத்த அனுபவமுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டொனால்ட் ஆர்ட்னரும் சேர்ந்து ஆராய்ந்ததில், கடிபட்ட பின் அந்தத் திமிங்கலம் இரண்டு முதல் ஆறு வாரம் வரை உயிரோடு இருந்திருக்கிறது என்று வந்தது. பல் இடைவெளியை வைத்துக் கடித்தது பெரிய சுறா, மெகலோடானாகவும் இருக்கலாம் என்றார்கள். பிறகு ஏன் செத்தது? தொற்றாலா, வேறு எதனாலா, எலும்பு அதைச் சொல்லவில்லை. பாருங்கள், உயிரோடு இருந்தபோது கடிபட்டது என்று இவ்வளவு உறுதியாக நிரூபணமான இடத்திலும் "கடித்துக் கொன்றது" என்ற வரி கிடைக்கவில்லை. ஆறிய காயம் என்பதே அந்தக் கடி உடனே கொல்லவில்லை என்பதற்கான சான்று. கடித்த உடனே இரை செத்துப்போன வேட்டை ஆறாத தடங்களைத்தான் விட்டுப்போகும், அதாவது பிணத்தைத் தின்றது போலவே இருக்கும். இந்த முரண்பாட்டுக்கு மருந்து கிடையாது.

ஆறாத தடங்களில் கடி விழுந்த இடத்தை வைத்து வாதிடலாம், வாதம் என்ற அளவில். பியட்மான்டில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பு கிடைத்த அஸ்டாடெல்ஃபிஸ் கஸ்டால்டீ என்ற டால்பினின் எலும்புக்கூட்டை 2010-ல் ஜொவானி பியானுச்சியும் சகாக்களும் இப்படித்தான் படித்தார்கள். டால்பின் சுமார் 2.8 மீட்டர், கடித்தது சுமார் 4 மீட்டர் நீள ஹஸ்டாலிஸ் சுறா. பின்பக்கமாக, கீழிருந்து, வலப்புறம் வயிற்றில் முதல் கடி. டால்பின் புரண்டதும் முதுகுத் துடுப்பை ஒட்டி அடுத்த கடி. இன்றைய வெள்ளைச் சுறா டால்பினை அணுகும் விதத்தோடு இது பொருந்துகிறது, எனக்கும் நம்பத் தோன்றுகிறது. ஆனால் இது பொருத்தத்தின் அடிப்படையிலான வாசிப்பு, அந்த விலா எலும்பின் ஆறிய காயம் தரும் உறுதி இதற்கு இல்லை.

எதிர்த் திசையிலும் இடம் பேசும். பிஸ்கோ படிவத்து ஸ்பெர்ம் திமிங்கல மண்டையோடுகளில் சுறாக் கடிகள் நெற்றி, மூக்குப் பகுதியைச் சுற்றியே குவிந்திருக்கின்றன என்று 2022-ல் காட்டினார்கள். அந்தத் திமிங்கலங்களின் தலையில் எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த பெரிய உறுப்புகள் உண்டு. உயிருள்ள ஸ்பெர்ம் திமிங்கலத்தின் முகத்துக்கு நேரே போய்க் கடிப்பது புத்திசாலித்தனமில்லை. ஒரே இடத்தில் பல வகைச் சுறாக்களின் கடிகள் சேர்ந்திருப்பதால், செத்த பிறகு கொழுப்புக்காக வந்து மேய்ந்திருக்கின்றன என்று படிப்பதே பொருத்தம்.

கடித்ததெல்லாம் தின்னத்தான் என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். கால்வெர்ட் பாறைகளில் புதைபடிவமான மலத் துண்டுகளில் சுறாவின் பல் வரிசை பதிந்து கிடைத்திருக்கிறது, பள்ளத்தில் சிலிக்கான் ஊற்றிப் பல்லின் வடிவத்தையே வார்த்தெடுத்து, அனேகமாகப் புலிச் சுறா வகை என்று 2010-ல் எழுதினார்கள். கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது போலிருக்கிறது, நல்ல வேளை.

பல் தடத்தை வைத்துச் சொன்ன கதை, பிறகு வேறு வழியில் சரிபார்க்கக் கிடைப்பது மிக அபூர்வம். எகிப்தின் வாடி அல் ஹிட்டானில் அது கிடைத்தது. பாலைவனத்தில் திமிங்கல எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடக்கும் உலகப் பாரம்பரியக் களம் அது. சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு வகைத் திமிங்கலங்கள் இருந்தன, 15 மீட்டருக்கு மேல் வளரும் பாசிலோசாரஸ், அதில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் டோருடான். டோருடான் குட்டிகளின் மண்டையோடுகளில் ஆழமான கடிகள் இருந்தன. 2012-ல் யூலியா ஃபால்கே அந்தக் குழிகளைப் பாசிலோசாரஸின் பற்களோடு ஒப்பிட்டு, கடித்தது சுறா இல்லை, இன்னொரு திமிங்கலமே என்றார். தலையில் கடி விழுந்ததையும் வேட்டைக்கான சான்றாகக் கொண்டார். அதே களத்தில் 2010-ல் தோண்டியெடுத்த ஒரு பாசிலோசாரஸின் வயிறு இருந்த பகுதியை ஆராய்ந்து 2019-ல் இன்னொரு குழு முடிவுகளை வெளியிட்டது. உள்ளே பெரிய மீன்களின் மிச்சம், அவற்றோடு டோருடான் குட்டிகளின் கடிபட்ட எலும்புகள்.